கசடில் கிடந்த தூக்கம்: சர்ப்பகந்தி வேரை முன்வைத்து

சர்ப்பகந்தி என்று நாம் சொல்கிற செடிக்கு பீகார் பக்கத்துப் பெயர் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்துக்கான மருந்து. தாவரவியலில் அது ராவுல்ஃபியா செர்பென்டினா. லியன்ஹார்ட் ராவுல்ஃப் 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர். பாக்தாத் வரை பயணம் செய்தவர், இந்தியாவுக்கு வந்ததேயில்லை. அமெரிக்கச் செடி ஒன்றுக்கு அவர் நினைவாக வைத்த பெயர் பிறகு நம் செடியின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர்ப்பெயர் செடி என்ன செய்யும் என்று சொல்கிறது; அறிவியல் பெயரோ அதை ஒருபோதும் பார்த்திராத ஒருவரைச் சொல்கிறது. பெயரிடல் என்பதே அதிகாரத்தின் முதல் வேலை என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

செடி அன்றாடம் வளரத் தேவைப்படாத வேதிப்பொருட்களை ‘இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருட்கள்’ என்கிறார்கள். முதல், இரண்டாம் என்ற படிநிலையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். பூச்சிகளிடமிருந்தும் மேயும் விலங்குகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி செய்கிற பல ஆயுதங்கள் இந்த ‘இரண்டாம்’ வரிசையில்தான் இருக்கின்றன. மனிதனின் மருந்துகள் பலவும் அங்கிருந்து எடுத்தவையே.

1931இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் வேர்ப்பொடியை மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லி திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதே வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தார். ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார். கல்லூரியை உருவாக்கிய, 1921இல் காங்கிரஸ் தலைவராக இருந்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவு அது. காலனியப் பெயரிடலுக்கு எதிராக ஒரு தேசியப் பெயரிடல்.

ஆனால் அஜ்மலின் இதயத் துடிப்பின் மேல் வேலை செய்தது. பைத்தியத்தை அடக்கியது அது இல்லை. அப்ப தூக்கம் எங்கே போச்சு? வேதியியலுக்குப் பளிச்சென்று திரளும் படிகம்தான் ‘பொருள்’. பிசுபிசுவென்று மிஞ்சுகிற பிசின் வெறும் கசடு. தூக்கம் இருந்தது அந்தக் கசடில். 1940களில் இந்திய ஆய்வாளர்களே இதைச் சொன்னார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அந்தப் பிசினுக்குள்ளிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். வேரின் எடையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒழுங்குபடுத்தும் அறிவு எதைக் கழித்துப் போடுகிறதோ, அதிலிருந்துதான் அதன் அடுத்த ‘கண்டுபிடிப்பு’ வருகிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தக் கொதிப்புக்கு வேர் உதவுவதைப் பற்றி பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வகீல் 1949இல் எழுதிய கட்டுரை மேற்கத்திய மருத்துவர்களின் கண்ணைத் திறந்திருந்தது. 1954இல் நேதன் கிளைன் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் செய்த சோதனையை வெளியிட்டார். அங்கே உடைகிற ஜன்னல் கண்ணாடிகள் குறைந்துபோனதே மருந்து பலித்ததற்கு ஒரு சாட்சியாகச் சொல்லப்பட்டது. கண்ணாடிக்குக் கணக்கு இருக்கிறது. உடைத்தவன் என்ன சொன்னான் என்பதற்கு இல்லை. 1955இல் மூளையின் செரோட்டோனினை ரெசர்பின் வடியச் செய்வது தெரியவந்தது. மனச்சோர்வு பற்றிய வேதியியல் கோட்பாடு ஒன்று அதன் மேல் எழுந்தது. ரெசர்பின் மனச்சோர்வைத் தருகிறது என்ற பழைய முடிவையே பின்னாளைய ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கின.

இந்த வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேற்கு கண்டுபிடித்தது என்பது ஒன்று. ‘நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க’ என்பது மற்றொன்று. ரெண்டும் சண்டை போடுகிற மாதிரி தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரு கண்டுபிடிப்பாளன் வேண்டும், நிறுவனமோ ரிஷியோ. யாருக்கு எவ்வளவு கொடுத்தால் தூங்குவார், எவ்வளவு கொடுத்தால் எழுந்திருக்க மாட்டார் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள், வேரைத் தோண்டியவர்கள், விழுங்கவைக்கப்பட்ட ‘பைத்தியங்கள்’ என யாருக்கும் இரண்டு கதையாடல்களிலும் இடமில்லை.

வேர்தான் மருந்து என்பதால் எடுக்கிறபோதே செடி போய்விடும். தோண்டித் தோண்டிக் காட்டில் அது அருகியது. 1990இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இருப்பது ராவுல்ஃபின் பெயர். பிசினைக் கழித்தது போலவே ஆட்களையும் கழித்து எழுதிய வரலாறு இது. மறுபடியும் அந்தக் கசடைத்தான் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.