நம்மூர் கொசு கடல் தாண்டிய கதை

'அனாபிலிஸ் ஸ்டீபன்சி'. பெயரைப் பார்த்து வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அசல் நம்மூர் கொசு! 1901-ல் லிஸ்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் கண்டு பெயர் வைத்தது. சென்னையோ மும்பையோ, நகரத்து மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் இதுதான்.

ஆப்பிரிக்காவின் வழக்கமான மலேரியாக் கொசுக்களுக்கு மழைக்குட்டையும் சதுப்பு நிலமும் வேண்டும். அதனால் அங்கே நகரவாசிகள் ஓரளவு தப்பித்து வந்தார்கள். நம்மூர் கொசுவுக்கோ கிணறு, மொட்டைமாடித் தொட்டி, தண்ணீர் டிரம் எதுவானாலும் சரி. கோடையிலும் பெருகும்.

2012-ல் இது ஜிபூட்டி என்ற குட்டித் துறைமுக நாட்டில் தென்பட்டது. அந்த வருடம் அங்கே மலேரியா கண்டவர்கள் வெறும் 27 பேர். 2020-ல்? 73,000-க்கும் மேல்! எல்லாப் பழியும் இதன் தலையில் விழாது. ஆனால் பெரும்பங்கு இதற்குத்தான் என்கிறார்கள். 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில், மழையில்லாத மாதங்களிலேயே மலேரியா வெடித்தது.

நமக்குப் பக்கத்திலும் வந்தது. 2016 செப்டம்பரில் இலங்கை 'மலேரியா ஒழிந்த நாடு' என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. அதே டிசம்பரில் மன்னார் கிணறுகளில் இந்தக் கொசு! உடனே கிணறு கிணறாகத் தேடினார்கள், புழு தின்னும் மீன் விட்டார்கள். இன்றுவரை அந்தச் சான்றை இழக்கவில்லை.

தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊர்களில் சேமிக்காமல் முடியாது. ஆனால் தொட்டிக்கு ஒரு மூடி போட முடியும். உங்கள் குடியிருப்பின் மாடித்தொட்டி மூடியிருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்துவிடுங்கள்.