முஸ்தபா மெஷினும் சொப்புச் சாமானும்

சொப்புச் சாமானில் கேஸ் அடுப்பு உண்டு, சிலிண்டர் உண்டு, மிக்ஸி உண்டு. வீடியோ கேம் மெஷின் மட்டும் கிடையாது. ஒரு படத்துக்காகத் தேடிப் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

களக்காட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு முகூர்த்தம் இல்லாத மாதங்கள் நீளமானவை. ஆடியிலும் மார்கழியிலும் கேமராவுக்கு வேலை குறைவு. அப்போது நான் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திவைத்துப் படம் எடுப்பேன். எல்லாம் ஃபன்ஸ்கூல் வார்த்த ஜி.ஐ. ஜோ உருவங்கள். டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். நிறுவனம் அமெரிக்க ஹாஸ்ப்ரோவோடு கைகோத்து 1987-இல் தொடங்கியது ஃபன்ஸ்கூல். அமெரிக்கக் கடைகளில் நின்றுபோன உருவங்களைக்கூட இங்கே பல ஆண்டுகள் விடாமல் வார்த்துக்கொண்டிருந்தார்கள், சமயத்தில் ஊர்பேர் தெரியாத நிறங்களில். அந்த வினோத நிறங்களுக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள்.

அந்தச் சிப்பாயின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். 1964-இல் வந்த முதல் ஜி.ஐ. ஜோ பன்னிரண்டு அங்குலம் இருந்தான். 1978-இல் கென்னர் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளைக் குட்டியாகச் செய்தது. ஆள் பெரிதாக இருந்தால் அவன் ஏறுகிற விண்கலம் கட்டில் அளவுக்கு வந்துவிடும், விலையும் எட்டாது என்ற கணக்கு அது. 1982-இல் ஜோவும் அந்த அளவுக்கே சுருங்கினான். நிஜ மனிதனில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. இந்தப் பதினெட்டுதான் என்னைப் படாத பாடு படுத்தியது.

எங்கள் வீட்டில் பனை ஓலைப் பெட்டி நிறையச் சொப்பு உண்டு, அக்காவுடையது. காரையாறு சொரிமுத்தையனாருக்கு ஆடி அமாவாசைக்குப் போய்த் திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறுவோம். அங்கே ஆச்சி வாங்கிக் கொடுத்தது. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம் என்று ஒரு குடித்தனமே அதற்குள் இருக்கும். ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் அந்த ஆட்டுக்கல் பக்கத்தில் நிறுத்தினால் கல் அவன் நெஞ்சுக்கு வருகிறது. உலக்கையோ அவன் முழங்கால் உயரம். குடத்துக்குள் ஆளே இறங்கிக் குளிக்கலாம். ஒன்றுக்கொன்று அளவு ஒட்டவே இல்லை. முதலில் இதைச் செய்தவர்களின் அசட்டை என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சொப்பு எந்தப் பொம்மைக்காகவும் செய்யப்பட்டது இல்லை. அது பிள்ளையின் விரலுக்குச் செய்தது. உலக்கையோ குழவியோ ஐந்து வயதுக் கைப்பிடிக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கண்ணால் பார்க்க மட்டும் ஆன பொருளாக இருந்திருந்தால் அளவு பார்த்திருப்பார்கள்.

அம்பாசமுத்திரத்தில், எங்கள் வாயில் அம்பையில், சொப்பு செய்வது கடைசல் வேலை. மரக்கட்டையைக் கடைசல் பட்டறையில் மாட்டிச் சுழலவிட்டு உளியால் உருவம் எடுப்பது. மின்சாரம் வருமுன் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுத்துச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பார். உருவம் வந்ததும் சுழல்கிற மரத்தின் மேல் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிப் பளபளக்கும். தூரிகை வேண்டாம், காய வைக்கும் காலமும் வேண்டாம். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் இதே முறைதான். அவர்களுக்கு வெட்பாலை மரம், அம்பைக்காரர்களுக்கு மஞ்சள் கடம்பு. இழை நெருக்கமான மரம் அது, உளிக்குச் சிராய் விடாது.

அந்த மஞ்சள் கடம்பு எங்கள் மலைச் சாதி. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்கள் ஆயின. இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டின் முதல் காப்பகம். காட்டு மரம் வெட்டுவது நின்றது. நிற்க வேண்டியதுதான். பச்சையாற்றில் தலையணைக்குக் குளிக்கப் போகிற எவனும் அதில் குறை சொல்ல மாட்டான். பட்டறைக்காரர்கள் ரப்பர் மரத்துக்கும் தைல மரத்துக்கும் மாறினார்கள். அக்காவின் பழைய குடத்தையும் இப்போது வாங்கிய குடத்தையும் கையில் வைத்துப் பார்த்தால், பழசு கனக்கிறது. ஸ்டுடியோ விளக்கில் பழசின் அரக்குக்கு அடியில் மரத்தின் மஞ்சளும் லேசாகத் தெரிகிறது. புதிதில் நிறம் மட்டும்தான்.

பெட்டிக்குள் என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதில்தான் எனக்குச் சுவாரஸ்யம். உரல் இருந்த வீட்டில் சொப்பு உரல். கேஸ் அடுப்பு வந்தபோது சொப்பிலும் கேஸ் அடுப்பு. வாசல்படி தாண்டி வீட்டுக்குள் வந்த பொருளுக்குத்தான் சொப்பு உண்டு, அதிலும் அடுப்பங்கரை வரைக்கும் வந்ததற்கு. கொலுவில் மட்டும் தெரு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். செட்டியார் தம்பதி பருப்பும் அரிசியும் பரப்பிக் கடை போட்டிருப்பார்கள், கேழ்வரகு முளைக்கவிட்ட பூங்காவில் கண்ணாடித் துண்டு குளமாகும், கிரிக்கெட் டீமே இறங்கி ஆடும். ஆளை நிறுத்திப் பொருளை வைத்துக் காட்சி கட்டும் வேலையை நான் எந்த வெளிநாட்டாரிடமும் கற்கவில்லை, நவராத்திரிக்கு அத்தைகளிடம் எடுபிடியாக இருந்து கற்றேன். டேவிட் லெவிந்தால் என்ற அமெரிக்கர் பொம்மைச் சிப்பாய்களை வைத்தே இரண்டாம் உலகப்போரைப் படம் பிடித்து 1977-இல் புத்தகம் போட்டார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

ஆனால் கொலுக் காட்சிகளிலும் பையன்கள் வீட்டுக்குத் தெரியாமல் போன இடம் எதுவும் இல்லை. பிள்ளைத்தமிழில் பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டுவார்கள், ஆண்பிள்ளை வந்து காலால் சிதைப்பான். பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர் முருகனுக்கும் அதே வேலைதான். கட்டுகிறவளுக்குச் சொப்பு கிடைத்தது. சிதைத்தவனுக்குப் பம்பரம், பட்டம், 90-களில் வீடியோ கேம் கடை.

ஒரு சந்துக்குள் நான் போன கடை இருந்தது. ப்ளைவுட் பெட்டி, உள்ளே பழைய டி.வி.யின் குழல், முன்னால் சிவப்பு உருண்டை வைத்த ஜாய்ஸ்டிக். பெட்டிகளை உள்ளூர்த் தச்சர்களே அடித்திருந்தார்கள், உள்ளே ஓடிய ஆட்டம்தான் ஜப்பான். கேப்காம் நிறுவனம் 1993-இல் விட்ட ஆட்டம் ஒன்று, அசல் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அந்தப் பெயரை அங்கே எவனும் வாயால் சொன்னதில்லை. நாலு ஆட்களில் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா, ஆகவே அது முஸ்தபா கேம். தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, இந்தியா முழுக்க அப்படித்தான். சினிமாவுக்கு என்று வீட்டில் காசு வாங்கலாம், முஸ்தபாவுக்கு என்று வாங்க முடியாது. வீட்டுக்குத் தெரியவே கூடாத பொருள் சொப்புப் பெட்டிக்குள் எப்படி வரும்?

எனக்கு வேண்டிய படம் இதுதான்: இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியை மெஷினில் சாத்திவைத்துவிட்டு ஆட்டத்தில் மூழ்கியிருக்க வேண்டும். ஐந்தரை அடி மெஷின் பதினெட்டில் ஒரு பங்கானால் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு சேரன்மாதேவி வழியாக அம்பை போனேன். பட்டறை அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பூராம் சதுரமால்லா இருக்கு. இது தச்சு வேலை. நம்மளது கடைசல்.”

நான் யோசிக்காத விஷயம் இது. கடைசலில் சுழல்கிற எதுவும் உருண்டையாகத்தான் வெளியே வரும். குடம், உரல், குழவி, உலக்கை, சிலிண்டர் எல்லாம் அந்தச் சுழலுக்குப் பிறந்தவை. அந்தக் காலத்து அடுப்பங்கரையே உருண்டை, அதனால்தான் அதைக் கடைந்து பெட்டிக்குள் வைக்க முடிந்தது. கேஸ் அடுப்புக்குக்கூட மூலைகளை அறுத்து ஒட்டி, பர்னரை மட்டும்தான் கடைகிறார்கள்.

கடைசியில் பெட்டியைப் பக்கத்தில் ஒரு தச்சரிடம் அறுத்து வாங்கினோம். ஜாய்ஸ்டிக் உருண்டைகளையும் பொத்தான்களையும் அண்ணாச்சியே கடைந்தார். மிளகை விடச் சின்னது. அரக்குக் குச்சி தொட்டதும் உருண்டை தெறித்துத் தரையில் ஓடிற்று. ஒரு நீளக் குச்சியின் நுனியிலேயே உருண்டையைக் கடைந்து, சிவப்பு ஏற்றி, அப்புறம் நறுக்கினார்.

படம் எடுப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. லென்ஸ் சிப்பாயின் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும், அதற்கு நான் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். நம் கண் உயரத்திலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகவே இருக்கும். பக்கத்தில் போகப் போக ஃபோகஸ் நிற்கும் ஆழம் சுருங்கிவிடும். மூக்கு தெளிந்தால் காது கலங்கும். அபர்ச்சரை எஃப் 16 வரை மூடி, ஸ்டாண்டில் வைத்து, நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தேன். திரைக்கு டிரேசிங் பேப்பரில் அச்செடுத்த படம், அதன் பின்னால் ஒரு குட்டி எல்.இ.டி. தரைக்குப் பத்தமடைப் பாய் விரித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. கேமராவில் ஒவ்வொரு கோரையும் ரயில் தண்டவாளமாகத் தெரிந்தது. சிமென்ட் தூள் தூவியதும் சந்துக் கடையின் தரை அப்படியே வந்தது.

பிரிண்ட் போட்டு அம்பைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சியின் பேரன் எட்டிப் பார்த்தான்.

“ரெண்டு மிலிட்டிரிக்காரங்க ஏ.டி.எம்.ல பணம் எடுக்காங்களா, மாமா?”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பிரிண்டை வாங்கி மெஷின் மேல் விரலை வைத்தார். “உருண்டைய எடுத்துட்டு இங்கன ஒரு வாய் வெட்டினா ஏ.டி.எம்.தான் பாத்துக்கிடுங்க. அந்தத் தச்சர்ட்ட அம்பது பொட்டி அறுக்கச் சொல்லுதியளா? கொலுவுக்கு ஓடும்.”