பெயர்வழித் தேடல்: போருக்குப் பின் யூதர் உறவினரை நாடிய வரலாறு

போரின் கொடுமையை எழுதுவோர் மாண்டோர் தொகையையே பெரிதும் கூறுவர். உற்றார் மாண்டனரோ வாழ்கின்றனரோ என அறியாது எஞ்சியோர் பட்ட துயரை எண்ணுவார் சிலரே. இரண்டாவது உலகப் போரில் நாசி ஆட்சியினர் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றனர். 1945இல் முகாம்களினின்றும் மறைவிடங்களினின்றும் வெளிப்பட்டோர், தம்மவர் எவரேனும் உளரோ என ஊரூராகத் தேடலாயினர்.

அமெரிக்கப் படையில் யூத சமயகுருவாயிருந்த ஏபிரகாம் கிளவுஸ்னர் என்பார் அவ்வாண்டு டக்கௌ முகாமை அடைந்தார். முகாம்தோறும் பெயர்களைத் திரட்டி, ‘உயிர் பிழைத்த எச்சத்தார்’ எனப் பொருள்படும் எபிரேயத் தலைப்புடன் பட்டியல்களை வெளியிட்டார். பாலஸ்தீனத்திலும், 1948இல் இஸ்ரேல் தோன்றியபின் அந்நாட்டிலும், தேடப்படுவோர் பெயர்கள் வானொலியில் வாசிக்கப்பட்டன.

இப்பணியின் பெருநிலையம் ஜேர்மனியின் ஆரோல்சன் நகரில் அமைந்தது. 1948இல் அனைத்துலகத் தேடற் சேவை எனப் பெயர் பெற்ற அதன் நிருவாகத்தை, 1955இல் செஞ்சிலுவைச் சங்க அனைத்துலகக் குழு ஏற்றது. முகாம் பதிவேடுகளும் நாடுகடத்தற் பட்டியல்களும் அங்கே குவிந்தன. அழிப்பதற்கென எழுதப்பட்ட ஏடுகளே தேடுவதற்குத் துணையாயின.

எனினும் பெயரை அறிதல் எளிதாயிருக்கவில்லை. ஜேர்மானியரும் போலந்தினரும் அங்கேரியரும் ஒரே பெயரைத் தத்தம் மொழி மரபிற்கேற்ப வெவ்வேறாக எழுதினர். ஒரு குடும்பப் பெயர்க்கு 800க்கு மேற்பட்ட எழுத்து வடிவங்கள் காணப்பட்டன. ஆதலால் ஏறத்தாழ 5 கோடி அட்டைகளைக் கொண்ட பெயரகராதி ஒலிமுறையை அடியொற்றி வகுக்கப்பட்டது. அதற்கும் அகப்படாதார் உளர். கிறித்தவ இல்லங்களில் ஒளித்து வளர்க்கப்பட்ட குழந்தைகள் வேறு பெயர் பூண்டனர். இஸ்ரேலிற் குடியேறியோர் பலர் எபிரேயப் பெயர் ஏற்றனர். மகளிர் மணத்தாற் கணவர் குடிப்பெயர் பெற்றனர். இத்தகையோரைப் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் கொண்டே அறிய வேண்டியிருந்தது.

நெடுங்காலம் ஆய்வாளர்க்கு அடைபட்டிருந்த அக்காப்பகம் 2007இலேதான் திறக்கப்பட்டது. 2019இல் ஆரோல்சன் ஆவணக்காப்பகம் எனப் பெயர் மாறியது. விடையை நாடியோர் பலர் அதற்குள் மறைந்தனர். ஆவணத்தைப் பேணுதல் மட்டும் அமையாது. உரியவர் வாழுங்காலத்தில் அதனை அவர் கைக்கு எட்டச் செய்தலும் கடனாகும்.

கிடைத்த விடை பன்முறை ஓர் இறப்பு நாளேயாயிற்று. அதுவும் பயனற்றதன்று. இறந்த நாளில் ஆண்டுதோறும் விளக்கேற்றி மன்றாடுதல் யூதர் வழக்கம். நாளறியாதார் அக்கடனை உண்மையான இறப்பு நாளிற் செலுத்த இயலார். திதி போற்றும் நம்மவர்க்கு இத்துயரை விளக்கிக் கூறவேண்டுவதில்லை.