ஆய்வு

"கீரையை ஆஞ்சு வை" என்று அடுக்களையில் சொல்கிறோமே, அந்த ஆய்தல்தான் ஆய்வின் வேர். பழுத்தது, பூச்சி அரித்தது, முற்றிய காம்பு என ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிரிக்கிற வேலை அது. கட்டோடு அரிவாள்மனையில் வைத்து நறுக்கினால் ஆய்ந்ததாகாது. தொல்காப்பிய உரியியலும் இந்தச் சொல்லுக்கு நுணுக்கம் என்றே பொருள் காட்டுகிறது. ஆராய்ச்சியும் இதன் பங்காளிதான்.

2005இல் உலக வங்கி உதவியோடு தமிழகத்தில் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில், ஊரில் ஏழை யார் என்று ஊராரே கூடிக் கண்டறியும் முறைக்கு ‘மக்கள் நிலை ஆய்வு’ என்று பெயர் இருந்தது. நல்ல பெயர். இது போன்ற வேலைக்கு அறிக்கைகளில் வரும் ‘சமூக மதிப்பீடு’ என்ற சொல் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சந்தையில் மாட்டுக்கு விலை சொல்வது போல இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை ஏறினால் இந்த நுணுக்கம் ஏன் வேண்டும் என்று தெரியும். அங்குள்ள பழங்குடியினரின் பெயர் மலையாளி, பேசுவதோ தமிழ். பெயரை மட்டும் படிக்கும் கீழ்நாட்டுக்காரர் கேரளத்தவர் என்றே நினைப்பார். 1976 வரை ஜாகீர்தார்கள் எனும் நிலக்கிழார்களின் பிடியில் இருந்த மலை அது. அதனால் ‘யார் நிலம்?’ என்ற கேள்விக்குப் பட்டா மட்டும் பதில் சொல்லிவிடாது. ஆய்வுக்குக் கூட்டம் போடும் நேரமும் முக்கியம்: காலை பத்து மணிக்கு அங்குள்ள வெள்ளிமலை ஊரில் பாய் விரித்தால், விடியலிலேயே கடுக்காய் பொறுக்கக் காடேறியவளின் பெயரை யார் சொல்வது?