வாராக் கடன் என்று எழுதப்பட்ட நாய்கள்

பி.காம் படிக்கிறவனுக்கு நாய்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள் :-) எங்கள் பாடத்தில் "வாராக் கடன்" என்று ஒன்று உண்டு. இனி வசூலாகாது என்று முடிவு கட்டி, கணக்கிலிருந்து தள்ளிவிடுவது. 2007-ல் அமெரிக்காவில் சுமார் ஐம்பது நாய்களை அப்படித் தள்ளிவிடப் பார்த்தார்கள்.

மைக்கேல் விக் அப்போது அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் நட்சத்திரம். (அமெரிக்கக் கால்பந்து. நம்ம ஊர் கால்பந்து இல்லை.) 2007 ஏப்ரலில் வர்ஜீனியாவில் அவருக்குச் சொந்தமான வீட்டைப் போலீஸ் சோதனை போட்டபோது, ஐம்பதுக்கு மேல் பிட்புல் நாய்கள் கிடைத்தன. பந்தயச் சண்டைக்காக வளர்த்தவை. சரியாகச் சண்டை போடாத நாய்களைத் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் முக்கியும் கொன்றது விசாரணையில் தெரிந்தது. அந்த டிசம்பரில் விக்குக்கு 23 மாதச் சிறை.

சரி, நாய்கள்?

அதுவரை இருந்த வழக்கம் சுலபமானது. வழக்கு முடியும் வரை சாட்சிப் பொருள், முடிந்ததும் ஊசி. விலங்குகளுக்காகவே இயங்கும் பீட்டாவும் ஹியூமேன் சொசைட்டியும்கூட இவற்றைக் கொல்வதே சரி என்றன!

ஆனால் இந்த முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். ஸ்டீபன் ஜாவிஸ்டோவ்ஸ்கி என்ற விலங்கு நடத்தை நிபுணரின் குழு 49 நாய்களைப் பார்த்தது. மூர்க்கம் என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. நோயால் இன்னொன்று. மீதி 47-ம் பிழைத்தன. எந்த நாய் எங்கே போகலாம் என்று பரிந்துரைக்க ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது. பராமரிப்புக்கு விக் கட்ட வேண்டிய தொகை சுமார் 9,28,000 டாலர்.

சிரமமான 22 நாய்கள் யூட்டா மாநிலம் கனாபில் உள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. அங்கே பெரிய பிரச்சினை கோபம் இல்லை, பயம்! ஆள் வந்தாலே தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும் நாய்கள். சங்கிலியை வெடுக்கென்று இழுத்து அடக்கும் பழைய முறை இங்கே உதவாது. பயந்த நாயை அடித்தால் பயம்தான் கூடும். உறுமலுக்கு அடித்தால் இன்னும் ஆபத்து. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

அதனால் பயிற்சியாளர்கள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மனிதன் வந்தால் நல்லதுதான் நடக்கும் என்று நாயே புரிந்துகொள்ளும் வரை காத்திருந்தார்கள். சில நாய்களுக்கு இதற்கே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆனது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். லூக்காஸ் என்ற நாய் ஆயுள் முழுக்கக் காப்பகத்திலேயே இருக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அது 2013-ல் அங்கேயே இறந்தது. வேறு குழுவிடம் போன ஜானி ஜஸ்டிஸ், குழந்தைகள் புத்தகம் வாசிக்கும்போது பக்கத்தில் படுத்துக் கேட்கும் நாயாக மாறியது. ஹியூமேன் சொசைட்டியும் 2009-ல் தன் கொள்கையை மாற்றி, இப்படி மீட்கும் நாய்களைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றது. அந்தக் கூட்டத்தின் கடைசி நாயான ஃப்ரோடோ 2021 டிசம்பரில் ஒரு வீட்டில், சொந்த நாயாகவே, கண்ணை மூடியது.

எங்கள் தெருவில் ஒரு கறுப்பு நாய் உண்டு. யாரோ வெந்நீர் ஊற்றியதில் முதுகில் பெரிய தழும்பு. என்னைப் பார்த்தால் உறுமும், நானும் கல்லை எடுப்பேன். இதைப் படித்த பிறகு கல்லுக்குப் பதில் பிஸ்கட். தூரத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவேன். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் கிட்டே வரவில்லை. ஆனால் உறுமுவதில்லை.

உங்கள் தெருவிலும் அப்படி ஒன்று இருக்கும். கல்லை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.