அறுசுவைக் கணக்கு

இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் காலத்தே, 9ஆம் நூற்றாண்டில், சமணப் பேரறிஞர் மகாவீராச்சாரியார் வடமொழியில் இயற்றிய நூல் 'கணிதசாரசங்கிரகம்'. ஆறு சுவைகளை எத்தனை வகையாகக் கூட்டலாம் என்பது அதில் ஒரு வினா. ஒவ்வொன்றாய் எழுதி எண்ணப் புகுந்தால் சில விடுபடும். ஆசிரியர் தருவதோ ஒரு நெறி. மும்மூன்றாகச் சேர்க்க வேண்டுமா? 6, 5, 4 மூன்றையும் பெருக்குக, வரிசை மட்டும் மாறி மீண்டும் வருவன நீங்க, 1, 2, 3 இவற்றின் பெருக்கத்தால் வகுக்குக, விடை 20. ஒற்றைச் சுவை முதல் ஆறும் சேர்ந்தது வரை இவ்வாறே கண்டு கூட்டின் 63. சுவைக்கு மாறாக மலரோ மணியோ வரினும் நெறி மாறாது. மென்பொருள் எழுதுவோர் 'அல்காரிதம்' என்பதும் இத்தகைய படிமுறையே. கணினியையே நம்மவர் அன்று கண்டனர் என மேடையில் முழங்குவது மிகை. அந்நூலுக்கு அப்புகழ் வேண்டுவதில்லை. பேராசிரியர் எம். ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் அது அச்சேறியது. அதுவரை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அதனைக் காத்தவர்கள் ஏடு படியெடுத்த பெயரறியாதோர்.