மாவு, தோல், பாம்பு விஷம்: ஆன்டிபாடியைத் தூண்டில் போட்டுப் பிடித்த கதை

ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கை முறுக்குதான். ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு அரைக்கிற சேகோ மில்லையும் சேர்த்துத்தான் சொல்லணும். அரைத்த கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு கரையாமல் அடியில் படியும்; மேல் தண்ணீரை வடித்துவிடலாம். நம்ம கதை இந்தக் கரையாத குணத்தில்தான் ஆரம்பிக்குது.

1910-ல் பிராக் நகர மருந்தியலாளர் எமில் ஸ்டார்கென்ஸ்டைன், மாவைச் செரிக்கும் அமைலேஸ் என்சைம் கரையாத மாவில் போய் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். எதோடு சேருமோ அதையே தூண்டிலாகப் போடலாம் என்பதற்கு இது முன்னோடி. (யூதரான அவர் 1942-ல் நாஜிகளின் மௌட்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.)

ஆன்டிபாடிக்குத் தூண்டில் ஆன்டிஜென். சிக்கல் என்னன்னா, ஆன்டிஜென் பெரும்பாலும் தண்ணீரில் கரைகிற புரதம். கரைந்துவிட்டால் எப்படி வடிகட்டுவது? 1951-ல் கால்டெக்கில் டான் கேம்ப்பெல் குழு ஆல்புமின் புரதத்தைச் செல்லுலோஸோடு ரசாயனமாகக் கட்டியது. 1967-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் சயனோஜென் புரோமைடு முறை வந்தது. நல்ல முறை, ஆனால் அந்த ரசாயனம் கொடிய நஞ்சு.

எனக்குப் பிடித்தது 1969-ல் அவ்ரமியாஸும் டெர்னிங்கும் பிரான்சில் செய்தது. தாங்குபொருளே வேண்டாம்! புரதக் கரைசலில் குளூட்டரால்டிஹைடு விட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூழாக உறையும். தோல் பதனிடவும் இதே பொருள் பயன்படுது. கூழை நொறுக்கி, கழுவுநீரில் புரதமே வராத வரை அலசணும். பிறகு சீரத்தோடு கலந்தால் வேண்டிய ஆன்டிபாடி மட்டும் ஒட்டும். மற்றதைக் கழுவிவிட்டு, அமில பஃபர் ஊற்றினால் பிடி விடும். உடனே அமிலத்தை நடுநிலையாக்கணும், இல்லாவிட்டால் ஆன்டிபாடி கெட்டுப்போகும்.

இதெல்லாம் லேப் விளையாட்டு இல்லை. பாம்புக்கடி மருந்துக்காக விஷமேற்றிய குதிரையின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆன்டிபாடிகளுக்கு விஷத்தோடு சம்பந்தமே கிடையாது. அந்த வேண்டாத புரதமும் நோயாளிக்குள் போய் ஒவ்வாமைக்கு வழி வைக்கும். அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்ற குரோஃபேப், ஆட்டு ஆன்டிபாடியை விஷம் கட்டிய பிசினில் பிடித்துச் சுத்தம் செய்தது. இந்தியாவில் இன்றும் பெரும்பாலும் உப்பு அல்லது கேப்ரிலிக் அமிலத்தால் புரதங்களைப் படியவைத்துப் பிரிப்பதுதான். அதில் தூண்டில் கிடையாது.

தூண்டில் போடணும்னா குதிரைக்கு ஒரு பங்கு விஷம், பிசினுக்கு இன்னொரு பங்கு. இங்கே அந்த விஷம், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வடநெம்மேலி பண்ணையில், ஒவ்வொரு பாம்பாகக் கையில் பிடித்து எடுக்கப்படுகிறது.